எங்கள் தெரு சொன்ன பொய்

மேடம்,

நேற்று மதியம் மலர் பிரியாணிக்குக் கிராம்பு தாளித்தாள். வாசலில் கேட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த நான் சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன், நீங்கள்தான் வந்துவிட்டீர்கள் என்று. சிதம்பரம் கீழவீதியில், பாத்திரக் கடைக்கு மேலே இருந்த உங்கள் ஆபீஸில் கேஸ் கட்டுகளைவிடக் கிராம்பு வாசனைதான் தூக்கலாக இருக்கும். பல்வலிக்கு ஆரம்பித்தது, பல்லைப் பிடுங்கின பிறகும் விடவில்லை என்பீர்கள். நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. நின்றவனைப் பார்த்து மலர், "யாருக்கு லா இவ்ளோ மரியாதை?" என்றாள். சொன்னேன். அவளும் கரண்டியோடு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

மலேசியாவில் வெல்டிங் வேலை பார்த்து நான் ஊருக்குக் கொண்டுவந்த சொத்துகள் மூன்று: ஒரு வெல்டிங் மெஷின், ஒரு முதுகுவலி, மலர். முதல் இரண்டையும் யாரும் கேள்வி கேட்கவில்லை. மலருக்குத்தான் வருஷா வருஷம் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. போகும்போதெல்லாம் ஒரே கேள்வி: "திரும்பி எப்ப போவாங்க?" இரண்டாவது படித்த என் மகள் ஒருநாள் கேட்டாள், "அனுமதி குடுக்கலைன்னா அம்மா மட்டும் போவணுமாப்பா, நானுமா?" பத்தாவது வரை படித்த நான், இரண்டாவது படிக்கிறவள் கேட்டதற்குப் பதில் தேடி வக்கீல் வக்கீலாக ஏறி இறங்கினேன்.

எங்கள் கடலூரில் வக்கீலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நிலத் தகராறு என்றால் உட்காரச் சொன்னவர்கள், மலேசியா பாஸ்போர்ட்டைக் கண்டதும் எழுந்துகொண்டார்கள். என்னோடு வேலை பார்த்த பரங்கிப்பேட்டை நண்பர்தான், தன் சிங்கப்பூர் சம்சாரத்துக்குக் குடியுரிமை வாங்கிக் கொடுத்தவர் என்று உங்களைச் சொன்னார். 2008இல் மாடிப்படி ஏறி வந்தேன்.

"கொஞ்சம் பெரிய மனசு பண்ணி…" என்று கும்பிட்டேன். நீங்கள் கிராம்பைக் கன்னத்தில் ஒதுக்கினீர்கள்.

"கைய இறக்குய்யா வெல்டரு. இது என்ன சன்னதியா? இந்தியாக்காரனைக் கட்டிக்கிட்டு ஏழு வருஷம் இங்கயே குடியிருந்தா குடியுரிமை கேக்கலாம்னு சட்டத்துல இருக்கு. பிச்சையா கேக்கறோம்?"

"பழக்கம் மேடம். தானா மேல வந்துடுது."

"வரட்டும். பாதியில நிறுத்தி, பாக்கெட்டுலேர்ந்து பேனாவ எடு. முடியாதுன்னு எவன் சொன்னாலும் அதை எழுதிக் குடுக்கச் சொல்லு."

அன்று என் பாக்கெட்டில் கரண்ட் டெஸ்டர்தான் இருந்தது. உங்கள் பேனாவைக் கொடுத்தீர்கள்.

மனு போட்டோம். போலீஸ் விசாரணைக்கு வந்த நாளில் மலர் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். நான் மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு வீட்டுக்கு கேட் மாட்டிக்கொண்டிருந்தேன். வந்தவர் செம்மண்டலத்தில் எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டி ஏழுமலையிடம், "இங்க மலேசியாக்காரி ஒருத்தி இருக்காளாமே?" என்று அதட்டியிருக்கிறார். பிடித்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டான் ஏழுமலை.

"மலேசியாவா? அப்படி யாரும் இங்க கெடையாது சார்."

மாவு மில் சரசு, கையெல்லாம் மாவோடு ஓடிவந்திருக்கிறாள். "வெல்டர் வூட்டுப் பொண்ணையா கேக்கறீங்க? அது மேல்பட்டாம்பாக்கத்துப் பொண்ணு சார்."

மலரின் தாத்தா அந்த ஊரிலிருந்து ரப்பர் தோட்டத்துக்குப் போனவர் என்பது உண்மை. மலர் பிறந்தது தோட்டத்தில் என்பதைத்தான் சரசு விட்டுவிட்டாள். பிறகு தெரு முழுக்க அதே பாட்டு. சாயங்காலம் நான் வந்ததும் ஏழுமலை மார்தட்டினான்: "மச்சான், போலீஸத் திருப்பி அனுப்பிட்டோம்ல!" எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எல்லோருக்கும் டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தேன். என் புத்திசாலித்தனத்துக்கு அந்த போண்டாதான் சாட்சி.

கொஞ்ச நாளில் தபால் வந்தது. இந்த முகவரியில் வெளிநாட்டுப் பெண் எவரும் வசிக்கவில்லை, மனு முடித்து வைக்கப்படுகிறது. சொன்ன இடத்தில் வசிக்காதவருக்குத் தங்கும் அனுமதி எதற்கு என்றும் விளக்கம் கேட்டிருந்தார்கள். அனுமதி அடுத்த மாதம் முடிகிறது. மலர் பரணிலிருந்த சூட்கேஸை இறக்கித் தூசி துடைத்தாள். நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன்.

கடிதத்தைப் படித்துவிட்டு, கிராம்பு வெளியே விழும்வரை சிரித்தீர்கள். எனக்குக் கோபம்கூட வந்தது. "சிரிக்கிறீங்களே மேடம்."

"பின்ன? இதைவிட நல்ல சாட்சி எங்கய்யா கெடைக்கும்? தெருவையே கூட்டிக்கிட்டு வா."

தெரு பயந்தது. போலீஸிடம் பொய் சொன்னோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட யாருக்குத்தான் மனசு வரும்? ஏழுமலை இஸ்திரிப் பெட்டிக்குக் கரி அள்ளுவதுபோல் குனிந்துகொண்டே இருந்தான். சரசுதான் முந்தானையை இழுத்துச் செருகினாள். கடல் உள்ளே வந்த சுனாமி வருஷம் தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த அவள் அண்ணன் குடும்பத்துக்கு எங்கள் வீட்டில்தான் சோறு. ஆக்கிப் போட்டவள் மலர்.

"என்னா, புடிச்சி உள்ள போட்டுருவானா? போடட்டும். ஜெயில்லயும் மாவு அரைக்க ஆளு வேணுமில்ல? கெளம்பு லா!"

மலரிடமிருந்து தொற்றிய அந்த மலேசிய 'லா' எங்கள் தெருவில் எல்லோர் வாயிலும் உண்டு. ஏழுமலையும் நிமிர்ந்தான்.

மனுவை முடித்து வைத்த அந்த அலுவலகத்தில் ஒரு கூட்டமாய்ப் போய் நின்றோம். அதிகாரி கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "அத்தனை பேரும் பொய் சொல்லியிருக்கீங்க."

"ஆமா சார், சொன்னோம்" என்றாள் சரசு. "மலேசியாவே தெரியாதுன்னது பொய். எங்க பொண்ணுன்னது பொய்யில்ல."

நீங்கள் அனுமதி கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். "ஏழு வருஷம் இங்க குடியிருந்தாளான்னுதானே சட்டம் கேக்குது? இவ வெளியூர்க்காரிங்கறதையே தெரு மறந்துபோற அளவுக்குக் குடியிருந்திருக்கா. மறுபடி விசாரிங்க. முடியாதுன்னா அதை எழுதிக் குடுங்க, நான் ஐகோர்ட்டுல காட்டிக்கறேன்."

என் கை கும்பிட மேலே வந்தது. உங்கள் பார்வை பட்டது. அவசரத்தில் பேனாவை எடுத்து மூடியைத் திறக்காமலே நீட்டினேன். அந்த அறையில் நான் செய்த ஒரே வீரச்செயல் அதுதான். ஆனால் அதிகாரி எழுதித் தரவில்லை. மறுவிசாரணைக்கு உத்தரவு போட்டார். மலர் சூட்கேஸைப் பரணில் ஏற்றவில்லை. அதில் கந்தல் துணிகளைப் போட்டு மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

குடியுரிமைச் சான்றிதழ் 2011இல் வந்தபோது நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். தலையணையில் சாய்ந்தபடி வரிவரியாகப் படித்தீர்கள். பேனாவைத் திருப்பி நீட்டினேன். "உங்கிட்டயே இருக்கட்டும். எத்தனையோ ஆபீஸ் ஜன்னல் பாக்கி இருக்கு" என்றீர்கள்.

இருந்தது மேடம். மலரின் தம்பிக்குக் கல்யாணம். இப்போது பிறந்த ஊருக்குப் போக அவளுக்கு விசா வேண்டும். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். மகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போன வாரம் போனோம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "அம்மா பொறந்தது வெளிநாடா? அப்ப சிக்கல்தான். ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்றார். என் கை தானாக எழுந்தது. இத்தனை பட்டும் அதற்கு வெட்கமில்லை. பாதியில் நிறுத்தினேன். பேனாவை எடுத்தேன். இந்தத் தடவை மூடியையும் திறந்தேன்.

"என்ன சிக்கல்னு எழுதிக் குடுங்க சார்."

அவர் என் முகத்தைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார். "நாளைக்கு வாங்க, பாக்கறேன்" என்றார்.

மறுநாள் போனேன். அவர் லீவு என்றார்கள். நாளையும் போகிறேன். சரசு துணைக்கு வருகிறேன் என்கிறாள். மலரின் டப்பாவிலிருந்து கிராம்பு நாலு எடுத்துப் பேனாவோடு பாக்கெட்டில் போட்டு வைத்திருக்கிறேன். எனக்குப் பல்வலி ஒன்றும் இல்லை மேடம்.