டயர்க் கடை மாடியில் நான் வாசித்த பக்கம்

அன்பு மகளுக்கு உன் சித்தப்பா எழுதுவது. நலம் விசாரிப்பதற்கு முன்னாலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உன் அம்மா ஒரு நாள் பேனாவை எடுப்பார்கள், எடுத்தால் உன் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த அந்தப் பன்னிரண்டு நாளைத்தான் எழுதுவார்கள், அதை நாலு பேர் நடுவில் வாசிக்கிற ஆள் நானாகத்தான் இருப்பேன் என்று மூன்று வருஷம் முன்பே உன் சித்தியிடம் சொன்னேன். அவளைக் கேட்டால் அப்படி ஒன்றும் நீங்க சொல்லலையே என்பாள், அவளுக்கு ஞாபகம் போதாது. சரி, இப்போது நலம். இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம். சித்திக்கு முழங்கால் வலி இறங்கியிருக்கிறது, நான் தேய்த்துவிட்ட எண்ணெயால்தான், அவள் மட்டும் டாக்டர் மாத்திரை என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். எனக்கு ஒரு கடைவாய்ப் பல் போனது தவிர உடம்பு இரும்பு. நீயும் மருமகனும் நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிரில் காதை மூடிக்கொண்டு, ஒருத்தர் மேல் ஒருத்தர் எரிந்து விழாமல் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் என்றால் உன் அம்மா பேச்சை நான் எடுத்தவுடனே, சித்தப்பா அடுப்புல பால் வெச்சிருக்கேன்னு வைத்துவிடுகிறாய். மூன்று வருஷமாக உன் வீட்டில் ஒரே பால்தான் பொங்கிக்கொண்டே இருக்கிறது. கடிதம் என்றால் நீ கோபத்தில் கீழே போட்டாலும் அங்கேயே கிடக்கும், பிறகாவது எடுத்துப் படிப்பாய்.

உன் அம்மா எழுதுகிறவர்கள் கூட்டத்துக்குப் போகிறார்கள் என்று முன்பே சொல்லியிருந்தேன், நீ ம் என்று மட்டும் சொன்னாய். டயர்க் கடைக்கு மேலே ஒரு நீள அறை, ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு ஒன்பது பேர் கூடுவார்கள். கீழே காற்றடிக்கிற மெஷின் ஓடினால் மேலே தரை நடுங்கும், ரப்பர் வாசனை சட்டையோடு வீட்டுக்கு வரும். நான் துணைக்கு என்று போனவன். முதல் நாளே அங்கே முனகிக்கொண்டிருந்த மின்விசிறியை வாயடைக்க வைத்தேன், அதிலிருந்து நான் போகாமல் அங்கே கூட்டம் ஆரம்பிப்பதில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடம் தோற்றுப் போய்விட்டது என்றாலும், முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவனுக்குக் கதை தெரியாதா, நாலு பேரை ஒரு பெட்டியில் அடைத்துக் கதவை மூடினால் கதைதானே. நானும் ஒரு துப்பறியும் தொடர்கதை எழுதிக்கொண்டு வருகிறேன், இதுவரை பதினாலு கொலை. அங்கே வருகிற பஸ் டிரைவருக்குப் பொறாமை தாங்கவில்லை, அண்ணே உங்க லிஃப்ட் எந்த மாடியிலயும் நிக்க மாட்டேங்குதே, எங்களை எப்பதான் இறக்கி விடுவீங்கன்னு கேட்கிறார். கூட்டத்துக்குத் தலைவி பல் டாக்டர் அம்மா. என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியதும் அவர்தான். மற்ற நாளெல்லாம் என்னைப் பார்த்தால் வாயைத் திறங்க என்பார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் வாயை மூடுங்க என்பார்.

அவர்களுடைய முறை ஒன்று இருக்கிறது, அதைச் சொன்னால்தான் மேலே நடந்தது உனக்குப் புரியும். யாரும் தான் எழுதியதைத் தானே வாசிக்கக் கூடாது. எல்லோரும் எழுதியதைத் தெரு முனை ஜெராக்ஸ் கடைக்காரரிடம் கொடுக்க வேண்டும், அவர் பேர் இல்லாமல் டைப் அடித்து மடித்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அனுப்புவார், யார் எழுதியது என்று கேட்டால் அவர் அவருடைய மனைவியிடம் கூடச் சொல்ல மாட்டார். டின்னில் கைவிட்டு எடுத்தவர் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். எழுதினவர் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பார், ஆனால் வாசித்து முடித்து, எல்லோரும் கருத்துச் சொல்லி முடிக்கிறவரை மூச்சு விடக் கூடாது, முகத்தில் கூடக் காட்டக் கூடாது. அதற்குப் பிறகு டாக்டர் அம்மா எழுதினவங்க ஏதாவது சொல்லணுமான்னு ஒரே ஒரு தடவை கேட்பார், விரும்பினால் எழுந்து நிற்கலாம், இல்லையென்றால் அது யாருடையது என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும். இன்னும் ஒன்று, வாசிக்கும்போது இது நம் வீட்டு ஆள் எழுதியது என்று தெரிந்துவிட்டால் உடனே நிறுத்தி, மடித்து டின்னில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். வீட்டு ஆள் வாசித்தால் நியாயம் இருக்காது என்பது டாக்டர் அம்மாவின் கட்சி. எனக்கு அதில் அவ்வளவாக ஒப்புதல் இல்லை.

போன ஞாயிறு டின் என்னிடம் வந்தது. நான் கைவிட்டு எடுத்தேன், மூன்று தாள். என் குரல் உனக்குத் தெரியும், கீழே டயர் மாட்டுகிறவர்கள் கூட ஸ்பேனரை வைத்துவிட்டுக் கேட்பார்கள். தலைப்பு, நாலு மணி. முதல் வரி, முதல் நாள் நாலு மணிக்கு மகள் போனில் கூப்பிட்டாள், அப்பா தூங்குகிறார் என்று சொன்னேன். இரண்டாவது வரி, இரண்டாம் நாள் கூப்பிட்டாள், குளிக்கப் போயிருக்கிறார் என்று சொன்னேன். அங்கேயே இது உன் அம்மா, என் அண்ணி, எழுதியது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அப்போதே மடித்து டின்னில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. பாதியில் நிறுத்தினால் யாருடையது என்று ஒன்பது பேருக்கும் தெரிந்துவிடுமே, அண்ணியைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமே என்று நினைத்தேன். சித்தி இதை நம்பவில்லை, எழுந்து நின்னு வாசிக்கறதுல உங்களுக்கு இருக்கற ஆசை அப்படி, உங்களால உட்கார முடியாதுன்னு சொல்லிவிட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன், எனக்கு மறைக்கத் தெரியாது.

அண்ணி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் பை, பையின் மேல் இரண்டு கை, நான் ஒவ்வொரு நாளாக வாசிக்க வாசிக்க அந்தக் கை அசையவே இல்லை. மூன்றாம் நாள் கடைக்குப் போயிருக்கிறார், நாலாம் நாள் மறுபடி தூக்கம், ஐந்தாம் நாள் முகச்சவரம். பொய்யை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையில் அடுக்கிய மாதிரி எழுதியிருந்தார்கள், ஒரு இடத்தில் கூடத் தன்னைப் பற்றி ஐயோ என்று ஒரு வார்த்தை இல்லை. உன் பரீட்சை முடிய இன்னும் இத்தனை நாள், அவர் மூச்சு இன்னும் இத்தனை நாள் தாங்கும் என்று இரண்டு கணக்கையும் மனதில் போட்டுக்கொண்டே உன்னிடம் பேசியது எல்லாம் இருந்தது. பதின்மூன்றாம் நாள் காலையில் அண்ணன் போய்விட்டார், உன் பரீட்சைக்கு இன்னும் இரண்டு நாள் பாக்கி. நீ வந்து வாசலில் நின்று சொன்னாயே, எங்கப்பாவை என்கிட்ட இருந்து மறைச்சுட்டியேம்மான்னு, அதுவும் இருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் எனக்கும் தெரியும்தானே, அண்ணி சொல்ல வேண்டாம் என்றார்கள், நானும் வாயைத் திறக்கவில்லை. என் ஆயுசில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த ஒரு தடவைதான். நீ என்னை மட்டும் எப்படி மன்னித்தாய் என்று நானும் கேட்டதில்லை.

ஒன்பதாம் நாள்தான் முக்கியம், அதை நன்றாகக் கவனி. போன் அடித்தபோது அண்ணன் விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கையை ஆட்டி, சொல்லாதே, அவ படிக்கட்டும், முடிஞ்சு வரட்டும் என்று சொல்லியிருக்கிறார். பார்த்தாயா, உன் அப்பாவே வேண்டாம் என்றிருக்கிறார், உன் அம்மா என்ன செய்வார்கள், புருஷன் சொன்னதைத்தானே செய்தார்கள். இதை வாசித்தபோது அறையே வேறு மாதிரி ஆகிவிட்டது. அதுவரை விறைப்பாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் கொஞ்சம் தளர்ந்து உட்கார்ந்தார்கள். நான் முடித்ததும் முதலில் பேசியது தையல்கார அம்மா. பாவம் அந்தப் பொம்பளை, அவ மேல குத்தமே இல்லை, சாகப்போறவர் வாயால கேட்டுக்கிட்டதை எப்படி மீற முடியும், அந்தப் பொண்ணு புரிஞ்சுக்க வேணாமான்னு மூக்கை உறிஞ்சினார். பஸ் டிரைவர், அந்தப் பொண்ணு வாசல்ல நின்னு கேட்டது கொஞ்சம் அதிகம்தான், அவளுக்கு இது தெரிஞ்சா அப்படியே கால்ல விழுந்துடுவான்னார். எல்லோருமாகச் சேர்ந்து அண்ணியை நல்லவர்கள் ஆக்கிவிட்டார்கள், உன்னை மட்டும் கொஞ்சம் திட்டினார்கள், அதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, உன்னைத் தெரியாதவர்கள். டாக்டர் அம்மா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், பல்லில் ஓட்டை எங்கே என்று பார்க்கிற மாதிரி.

பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார், எழுதினவங்க ஏதாவது சொல்லணுமா என்று. கீழே மெஷின் ஓட ஆரம்பித்தது, தரை நடுங்கியது, நான் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், அது தரையால்தான். அண்ணி பேசாமல் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் அந்தப் பொம்பளை பாவம் என்று எல்லோரும் சொன்னது அப்படியே நின்றிருக்கும், யார் என்றும் தெரிந்திருக்காது. ஆனால் அண்ணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்கள். நேராக என்னிடம் வந்து கையில் இருந்த தாளை வாங்கினார்கள். இரண்டாம் பக்கத்தைத் திருப்பி ஒரு இடத்தில் விரலை வைத்து அதைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள், தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். படி இறங்கிப் போய்விட்டார்கள். தையல்கார அம்மா, ஐயோ அவங்க காதுபடவா இவ்வளவும் பேசினோம்னு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். நான் சமாளித்தேன், ஒண்ணும் இல்லை, என் குரல்ல கேட்டதும் அவங்களுக்குத் தாங்கலைன்னு சொன்னேன். டிரைவர் கூட அன்று கிண்டல் பண்ணவில்லை.

அதன் பிறகு நாலு நாள் அண்ணி என்னோடு பேசவில்லை. ஒரே வீட்டில் அவர்கள் மாடி, நாங்கள் கீழே, படியில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு ஏறினார்கள். மோட்டார் போட வேண்டும் என்றால் கூட சித்தியிடம், உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லுன்னு சொல்லி அனுப்பினார்கள். சித்தி என்னைப் பிடித்துக்கொண்டாள், என்ன வாசிச்சீங்க, உள்ளதை மட்டும் வாசிச்சீங்களா, உங்க வாயில நுழைஞ்சு வெளிய வர்ற எதுவும் போன மாதிரி வந்ததில்லையேன்னு. நான் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் எழுந்துவிட்டேன், அரை மணி கழித்து சாப்பிட்டேன். எனக்கு இந்த நாலு நாளில் தூக்கம் பிடிக்கவில்லை மகளே, இதில் ஒரு இம்மியும் நான் கூட்டிச் சொல்லவில்லை. ஏணியில் நின்று விளக்கு மாற்றப் போனவன் எதற்கு ஏறினேன் என்று தெரியாமல் இறங்கினேன்.

ஐந்தாம் நாள் காலையில் அண்ணி கீழே வந்தார்கள். ஒரு கவரை மேசைமேல் வைத்தார்கள், அதில் அந்த மூன்று தாளும் இருந்தது. இதை அவளுக்கு அனுப்புங்க, கூட நீங்களும் ஒரு கடிதம் வைங்க, அங்க நின்னு என்ன வாசிச்சீங்கன்னு அதுல எழுதுங்கன்னார்கள். நான் எதற்கு அண்ணி, விடுங்களேன், நல்லபடியாத்தானே எல்லாரும் பேசினாங்கன்னு இழுத்தேன். அதற்கு அண்ணி, மூணு வருஷம் ஆச்சு எனக்கு அந்த ஒரு வரியை எழுத, அதை நீங்க ஒரு மூச்சுல மாத்திட்டீங்க, நான் அவளுக்கு ஏற்கெனவே பன்னிரண்டு பொய் சொல்லியிருக்கேன், பதின்மூணாவது வேணாம்னார்கள். குரலை உயர்த்தவில்லை. அழவும் இல்லை. சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்கள்.

ஆகையால் தாள்கள் இதோடு வருகின்றன. மருமகனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே, நீயே தனியாக உட்கார்ந்து படி. படித்துவிட்டு உனக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படிச் செய், கோபம் வந்தால் கோபப்படு, ஆனால் கோபத்தையாவது அவர்களிடமே காட்டு, என் வழியாக அனுப்பாதே, நான் எதைக் கொண்டுபோனாலும் வழியில் மாறிவிடுகிறது. அண்ணி இப்போதும் நாலு மணிக்கு போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்காருகிறார்கள். நீயும் மருமகனும் குறையில்லாமல், நோய்நொடி அண்டாமல், நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று சித்தியும் நானும் மனதார வாழ்த்துகிறோம். கண் பரிசோதனைக்குப் போகிறேன் என்று சொன்னாயே, தள்ளிப் போடாமல் போய்விட்டு வா.

இதற்கு மேல் என்னால் சுற்றி வளைக்க முடியவில்லை. இரண்டாம் பக்கத்தில் ஒன்பதாம் நாளைப் பார். அங்கே இருப்பது இதுதான், போன் அடித்தது, அவர் கையை நீட்டினார், குடு, அவளை வரச்சொல்றேன் என்றார், நான் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டேன். அண்ணன் கேட்டார் என்பது எனக்கே அங்கே நின்று அந்த வரிக்கு வந்தபோதுதான் தெரியும். ஒன்பது பேர் நடுவில், அண்ணியைப் பார்த்துக்கொண்டு, அதை என்னால் சத்தமாகச் சொல்ல முடியவில்லை மகளே. உங்கப்பா கையை ஆட்டவில்லை. சொல்லாதே என்று அவர் சொல்லவே இல்லை, அது நான் போட்டது. அவர் உன்னைக் கேட்டார்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா