அன்று நான் கத்திய சொல்

கும்மிடிப்பூண்டி
3.8.2025

அன்புள்ள குணாவுக்கு,

ஷார்ஜாவில் வெயிலும் குதிரைகளும் உன்னை அதிகம் வாட்டாமல் இருக்கட்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நீ ஆறு முறை போன் செய்தாய். நான் எடுக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே. எங்களுடையது ஒற்றை அறை வீடு, எதைப் பேசினாலும் உன் அண்ணி நர்மதாவின் காதில் விழும். பஸ் நிலையத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அவள் குதிரையிலிருந்து விழுந்தாள் என்று மட்டும் கேள்விப்பட்டிருப்பாய். ஜூன் மாதம் ஒரு ஞாயிறு, தேர்வாய் கண்டிகையில் அவள் வேலை பார்க்கும் கம்பெனிக்கு லீவு. நம் குதிரைப் பயிற்சிப் பள்ளிக்கு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். கல்யாணமான நாலு வருஷத்தில் முதல் தடவையாக, நானும் ஏறட்டுமா என்று கேட்டாள். மல்லிகா சாதுவான குதிரைதானே என்று ஏற்றிவிட்டேன். ஹெல்மெட் மாட்டினேன். விழ நேர்ந்தால் மிதிவளையத்திலிருந்து காலை உருவு, லகானை விட்டுவிடு, கையை ஊன்றாதே, முகவாயை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு தோள்பட உருள், குளம்புக்கு எட்டாத தூரம் போ என்று எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னேன். "உழறதுக்கே இவ்ளோ பாடமா?" என்று சிரித்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் டிரெய்லர் லாரி ஒன்று ஏர்ஹார்ன் அடித்தது. மல்லிகா மிரண்டு பாய்ந்தது. நர்மதா ஒரு பக்கமாகச் சரிந்தாள்.

குணா, எத்தனை பேருக்கு "உட்ரு, உட்ரு" என்று கத்தியிருக்கிறேன்! பழவேற்காட்டு மணலில் நீ விழுந்தபோதும் அதைத்தான் கத்தினேன். நீ மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாய். அன்று என் வாயில் வந்தது, "நர்மதா, புட்ச்சிக்கோ!"

நான் சொன்னதால் அவள் பிடித்துக்கொண்டாள். லகான் கையில் சுற்றியபடி வேலிவரை இழுபட்டாள். இரும்புக் கம்பத்தில் முதுகு மோதிய பிறகுதான் கை விட்டது. ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தேன். வாட்ச்மேன் கலியன்தான், "ஆள அசைக்காத, ஆம்புலன்ஸ் வரட்டும்" என்று என்னை இழுத்துப் பிடித்தார். அந்த அறிவுகூட எனக்கு இல்லை.

முதுகுத்தண்டு நசுங்கிவிட்டதாம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பும் என்று சொல்ல முடியாது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

இதைவிடப் பெரிய வேதனை ஒன்று உண்டு. பொதட்டூர்பேட்டையிலிருந்து மாமனார் சடையப்பன் வந்து, ஆஸ்பத்திரியில் எல்லார் முன்னாலும் என் சட்டையைப் பிடித்தார். "ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கிற ஆளு, எம் பொண்ணுக்கு இன்னா சொன்ன?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கட்டிலிலிருந்து நர்மதா சொன்னாள்: "அவரு உடச் சொல்லித்தான் கத்துனாரு, நைனா. நான்தான் பயத்துல புட்ச்சிக்கினேன்."

மாமனார் என் சட்டையை விட்டுவிட்டு அழுதார். நான் வாயைத் திறக்கவில்லை. தனியாக இருந்தபோது அவளிடம் இரண்டு முறை அதைச் சொல்லப் பார்த்தேன். "அந்தப் பேச்ச எடுக்காத" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மன்னித்தாளா, என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லையா, தெரியவில்லை.

பள்ளிக்கு நான் போவதில்லை. முதலாளி இரண்டு முறை ஆள் அனுப்பினார். போய் நின்று பிள்ளைகளிடம் என்ன சொல்வேன்?

நர்மதாவைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் அத்தை மணியம்மாள் நேற்று அவள் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். சூடு அதிகமாகி, பாதம் கொப்பளித்துவிட்டது. நர்மதா அத்தையோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டே இருந்தாள். கொப்பளத்தை முதலில் பார்த்தது நான்தான்.

நீ உன் அண்ணியிடம் போனில் பேசும்போது இதெல்லாம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. அவள் சொன்னபடியே இருக்கட்டும். யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியாமல்தான் உனக்கு எழுதினேன். நீ அங்கே எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், அவள் கால்விரல் ஒன்று ஒரே ஒரு தடவை அசைய வேண்டும் என்று கேள். எனக்காக எதுவும் கேட்காதே.

இப்படிக்கு,
பரத்