கியர்பாக்ஸுக்குப் போகும் வழி

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி குறைந்ததா? நான் சுகமாக இருக்கிறேன்.

முதலாளி கால்வாயில் ஓட்ட ஒரு பழைய படகை விலைக்குப் பார்த்தார். இன்ஜினுக்குத் தாராளமாக வழி இருந்தது. கியர்பாக்ஸ் மட்டும் படகின் அறையில் இருக்கும் கட்டிலுக்கு அடியில், ஒரு சின்னப் பொந்துக்குள். கூட வந்த மெக்கானிக்கின் தோள் நுழையவில்லை. நான் ஒருக்களித்து உள்ளே போய்விட்டேன். நீ திட்டுகிற இந்த ஒல்லி உடம்புதான்.

வெளியே வந்து, "வாங்காதீங்க, ரிப்பேர்னா ரொம்பக் கஷ்டம்" என்றேன்.

"அதான் நீ இருக்கியே" என்று சிரித்தார். அங்கேயே வாங்கிவிட்டார்.

கல்யாணத்துக்கு வர லீவு கேட்டேன். "நீ போயிட்டா உள்ள யாரு போவா?" என்றார்.

முழங்கையில் லேசான சிராய்ப்புதான். பழைய முழுக்கைச் சட்டை இரண்டு அனுப்பு.

தங்கச்சி கல்யாணத்தை எனக்காக இனியும் தள்ளிப்போட வேண்டாம். அண்ணன் நிற்க வேண்டிய இடத்தில் சித்தப்பா பையன் நிற்கட்டும்.

முதலாளி கூப்பிடுகிறார்.

உன் மகன்