மேகமில்லாத வானம் குலுங்கிய நாள்

அக்காவாய் நின்று எனக்காக வாப்பாவிடம் வாதாடிய என் ராத்தாவுக்கு,

நேற்று மறுபடியும் பறந்தேன். இதை முதலில் உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

விமானப் பணிப்பெண் வேலையே வேண்டாமென்று வாப்பா ஒற்றைக்காலில் நின்றபோது, பேசிப் பேசி அவரை இணங்கவைத்தவர் நீங்கள். நீங்கள் மவுத்தாகி எங்களைவிட்டுப் போன பிறகு நடந்ததைக் கேளுங்கள்.

பகல் நேரம். கொழும்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வெளியே பொட்டு மேகமில்லை. எங்களுக்கு முன்னால் போன விமானம் பயங்கரமாக ஆடியதாகத் தகவல் வந்தது. உயரத்தில் வேகம் மாறி வீசும் காற்றுகள் உரசும் இடத்தில் வரும் குலுக்கல் அது. கண்ணுக்கும் தெரியாது, மழைமேகத்தைக் காட்டும் ராடாருக்கும் தெரியாது. எல்லோரையும் பெல்ட் போடச் சொன்னார் கேப்டன்.

நம்ம ஊர்ப்பக்கத்து உக்குவளைக்காரர் ஒருவர் சிரித்தார்.

"வானம் இவ்வளவு தெளிவா இருக்கு. எதுக்கு தங்கச்சி பெல்ட்?"

"போடுங்க நானா. பிறகு என்னை ஏசுங்க" என்று அண்ணனிடம் கெஞ்சுவதுபோலச் சொன்னேன்.

அவர் போட்டுக்கொண்டார். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த அவர் மனைவிக்கு நானே குனிந்து பெல்டை மாட்டி இறுக்கினேன். அடுத்த நொடி விமானம் பள்ளத்தில் விழுந்ததுபோல் சட்டென்று கீழே இறங்கியது. என் கால்கள் தரையில் இல்லை. கூரையில் மோதி விழுந்ததில் தோள் எலும்பு முறிந்தது. அந்தப் பெண்ணோ இருக்கையிலேயே இருந்தார். என் பகுதியில் ஒரு பயணிக்கும் கீறல் விழவில்லை, ராத்தா. அந்த வலியிலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் வாப்பா சொன்னார்: "போதும் மகள். இனி வீட்டோட இருங்க."

எனக்காகப் பேச நீங்கள் இல்லையே என்று அழுதேன். பிறகு நானே பேசினேன்.

"வாப்பா, பெல்ட் இல்லாட்டி அந்த மனிசி செத்திருப்பாங்க. அவங்களைக் காப்பாத்துறதுதான் என் வேலை. நான் திரும்பப் போறேன்."

அவர் எழுந்து வெளியே போனார். எலும்பு கூடியது. மருத்துவப் பரிசோதனையில் தேறினேன். நேற்று மக்காவுக்கு உம்ரா செய்யப் போகிறவர்களோடு வாப்பாவும் என் விமானத்தில் ஏறினார். நான் வேலைக்குத் திரும்பும் நாளையும் விமானத்தையும் உம்மாவிடம் கேட்டு டிக்கெட் எடுத்தாராம்.

வழியில் நான் பெல்ட் போடச் சொல்லியிருந்தும், வாப்பாவின் பக்கத்து இருக்கைக்காரர் அதைக் கழற்றப் போனார். வாப்பா அவர் கையைப் பிடித்தார்.

"கழட்டாதீங்க. அந்தா நிக்கிறது என் மகள். அவ சொன்னா கேக்கணும்."

உங்களுக்கும் கேட்டிருக்குமா, ராத்தா?

பள்ளி விடுமுறைக்கு உங்கள் மகளை என்னோடு கூட்டிப்போகிறேன். ஜன்னலோர இருக்கை அவளுக்குத்தான். இது நான் தரும் வாக்கு.

துஆக்களோடு,
உங்கள் தங்கச்சி
மாத்தளை