மூன்றாம் வரிசையில் ஒருவர்

டெக்கோரா, அயோவா
3 ஜூன் 1946

ஆர்லிஸுக்கு,

உன் நலத்தைச் செய்தித்தாளே தெரிவித்துவிட்டது. அதில் வந்த படம் சவரக்கடையில் கைமாறிக்கொண்டிருந்தது: பேஸ்பால் களத்துப் புழுதியில் சறுக்கும் நீ, தொடைக்கு மேல் ஏறிய பாவாடை. "வாத்தியாரே, உங்க பொண்ணு நல்லாத்தான் ஓடுது" என்றார் கடைக்காரர். முகத்தில் பாதி சோப்புடன் எழுந்து வந்துவிட்டேன்.

ஆண்கள் போர்முனையில் இருப்பதால் நாட்டுக்காக ஆடுகிறாள் என்று தேவாலயத்தில் கேட்டவர்களுக்குச் சொல்லிவந்தேன். ஆண்கள் திரும்பிவிட்டார்கள். இனி என்ன சொல்வது என்பதை நீயே எழுது.

உன் தந்தை,
ஓ. டோலெஃப்சன்

*

கெனோஷா
11 ஜூன்

அன்புள்ள அப்பா,

பாவாடை நான் கேட்டதல்ல, விதி. கால்சட்டை கேட்டுப் பார்த்தோம். பெண்களைப் பார்க்கத்தான் ஜனம் காசு கொடுக்கிறது என்றார்கள். சறுக்கும்போதெல்லாம் தொடைத்தோல் உரிகிறது, படுத்தால் போர்வை ஒட்டிக்கொள்கிறது. களத்தில் இறங்கும்போது எனக்கும் கூசத்தான் செய்கிறது. முதல் பந்து வந்ததும் மறந்துபோகிறது.

நான் ஆடுவதை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். சனிக்கிழமை ஆட்டத்துக்குச் சீட்டு வைத்திருக்கிறேன். கேட்பவர்களிடம், அதுதான் என் மகளின் வேலை என்று சொல்லுங்கள். போதும்.

உங்கள் அன்பு மகள்,
ஆர்லிஸ்

*

டெக்கோரா
17 ஜூன்

ஆர்லிஸுக்கு,

பள்ளி அலுவல்கள் குறுக்கிட்டதால் சனிக்கிழமை வர இயலவில்லை. சீட்டு வீணானதற்கு வருந்துகிறேன்.

உன் தந்தை,
ஓ. டோலெஃப்சன்

*

கெனோஷா
22 ஜூன்

அப்பா,

மூன்றாம் வரிசையில் இருந்தீர்கள். விளக்கு வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. அன்று என்னைத் தாண்டி ஒரு பந்துகூடப் போகவில்லை. ஏழாம் சுற்றில் நான் சறுக்கியதும் எழுந்து போய்விட்டீர்கள்.

உங்கள் பக்கத்தில் இருந்தவர் என் தோழி நெட்டாவின் அம்மா. "உங்க பொண்ணும் ஆடுதா?" என்று கேட்டாராம். பெண்ணே இல்லை என்றீர்களாம்.

ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"அம்மாடி, அந்த மனுசனுக்கு அப்படியே உன் தாடை. சொந்தக்காரரா?"

புழுதியும் ரத்தமுமாக அந்தப் பாவாடையோடு நின்றுகொண்டிருந்தேன். அதற்கு எனக்கு வெட்கம் வரவில்லை.

"யாரோ தெரியலம்மா" என்றேன்.

செப்டம்பரில் ஆட்டங்கள் முடிந்ததும் ஊருக்கு வர மாட்டேன். நெட்டா வீட்டில் இடம் தருகிறார்கள்.

"யாரோ" என்ற அந்தச் சொல் எனக்கு அவ்வளவு சுலபமாக வந்ததே அப்பா, அதுதான் வெட்கமாக இருக்கிறது.

ஆர்லிஸ்