சாக்கு அடைத்த வண்டி

24.8.87, திங்கள்
மலைக்கு வாடகை ஒரே நடைதான் ஓட்டினேன். மத்தியானம் என் வீட்டுக்காரி செவ்வந்தியைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஏழாவது மாதம், கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பிரஷர் ஜாஸ்தியா இருக்குது காசிநாதன். ஜன்னி வந்து கை கால் இழுத்தா ரெண்டு உசுருக்கும் ஆபத்து. சத்தம், குலுக்கல் எதுவும் ஆகாது. தலைவலி வந்து கண்ணுல பூச்சி பறந்தா உடனே தூக்கிக்கினு வந்துடு."

எதில் தூக்கிக்கொண்டு வருவது? என் அம்பாசடரில்தான். ஹாரன் மட்டுமில்லை, எல்லாமே சத்தம் போடும் வண்டி. திரும்பி வடக்கனந்தல் வருவதற்குள் அவள் பத்துத் தடவை திடுக்கிட்டாள். பத்தையும் எண்ணிக்கொண்டே ஓட்டினேன்.

28.8.87
இரண்டு நாளாக வண்டி ஓட்டவில்லை. உள்ளே கிடந்த ரப்பர் மேட்டைக் கழற்றித் தரையில் தார் பூசி, மேலே இரட்டைச் சாக்கு. கதவுக்குள் இலவம் பஞ்சு. கதவு ஓரமெல்லாம் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினேன். சரளைக்கல் தெறிக்கும் மட்கார்டுக்கு உள்பக்கமும் தார்.

30.8.87
மாமியார் ராணியம்மாளைப் பின்சீட்டில் உட்கார வைத்து ஓட்டிப் பார்த்தேன். இப்போ கேக்குதா, இப்போ கேக்குதா என்று கேட்டுக்கொண்டே போனேன். "வண்டி சும்மாதான் வருது மாப்ள. நீதான் வாய மூட மாட்டேங்கிற" என்றார். இந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான்.

6.9.87
ஹாரன் அடித்தால் செவ்வந்தி வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். பஸ்காரன் ஹாரனை நான் என்ன செய்ய முடியும்? என்னுடையதின் வயரைக் கழற்றிவிட்டேன்.

14.9.87
இடஒதுக்கீடு கேட்டு பதினேழாம் தேதியிலிருந்து ஏழு நாள் சாலை மறியலாம். இப்போதே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாமா? "இன்னும் நாள் கெடக்குது. அங்க போயி இன்னாத்துக்குப் படுக்கணும்?" என்கிறார் மாமியார். எனக்கு மனசே சரியில்லை.

17.9.87
பஸ் இல்லை. ரோட்டை மறிக்க வெட்டிய புளியமரம் சாய்கிற சத்தம் வீடு வரை வந்தது.

19.9.87, சனி
காலையிலிருந்து தலைவலியாம். கண்ணுல பூச்சி பறக்குதுன்றா. ஐயோ, பயமா இருக்கு. கிளம்பறேன்.

21.9.87
ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். 

சனிக்கிழமை ஏரிக்கரை இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டினேன். மலையில் இறங்கும்போது டிரைவர்கள் நாங்கள் எல்லோரும் செய்வதுதான். செவ்வந்திக்கு அந்தச் சத்தமாவது குறையட்டுமே என்று நினைத்தேன். வளைவு திரும்பினால் ரோட்டில் மரம். அதற்கு முன்னால் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஹாரனை அழுத்துகிறேன், அழுத்துகிறேன் — வயர்தான் இல்லையே! பிரேக்கை மிதித்து நிற்கும்போது ஒரு பெரியவரின் முதுகுக்கும் பம்பருக்கும் ஒரு முழம் இருந்தது.

"சத்தம் இல்லாம வந்து ஏத்தப் பாக்கறான்டா!"

எல்லார் கையிலும் கல். "யாருடா நீ?" என்றார்கள். இந்த வாரத்தில் அந்தக் கேள்விக்குப் பேரைச் சொன்னால் போதாது, சாதியைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். எதைச் சொன்னால் விடுவார்கள், எதைச் சொன்னால் அடிப்பார்கள்?  "வூட்டுக்காரிக்கு ஜன்னி வரப்போவுதுங்க, கத்தாதீங்க" — அதுதான் வாயில் வந்தது.

கூட்டத்திலிருந்து ஒரு அம்மா வந்து கதவைத் திறந்தார். பெரியம்மாள் என்று யாரோ கூப்பிட்டார்கள். செவ்வந்தியின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "கல்லக் கீழ போடுங்கடா. எவனும் வாயத் தொறக்கக் கூடாது."

நூறு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். பின்சீட்டு மெத்தையைப் பிடுங்கி, அவளை அதிலேயே படுக்க வைத்து ஆறு பேர் தூக்கினார்கள். வண்டியை மரத்தடியிலேயே விட்டேன். ஒரு மரமா, இரண்டா? ஏழு மரம் தாண்டினோம். ஒவ்வொரு மறியலிலும் தோள் மாறியது. பெரியம்மாள் முன்னால் ஓடி ஓடி எல்லோரையும் அடக்கினார். அவர்கள் யாருடைய பேரும் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஜன்னி வந்துவிட்டது. வண்டி நேராகப் போயிருந்தால் அரை மணி நேரம். எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. மாமியார் பேச்சைக் கேட்டு வீட்டில் வைத்துக்கொண்டேனே! பதினாலாம் தேதியே சேர்த்திருக்கலாமே!

இன்று காலையில் நர்ஸ், "அந்தம்மா பொழைச்சிக்கும்" என்றாள். அந்தம்மா மட்டுமா? கேட்காமல் வாசலுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

4.10.87, ஞாயிறு
மரத்தடியில் விட்ட வண்டியை எடுத்துப் போய் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். மரங்களை ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். செவ்வந்தி பின்சீட்டில் அவள் அம்மா மேல் சாய்ந்திருந்தாள். குடிக்கப் பிள்ளை இல்லாமல் பால் கட்டிக்கொண்டதால், வற்றுவதற்கு மாரில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டியிருந்தது.

பாதி வழியில், "வண்டிய நிறுத்துங்க" என்றாள். தலைவலியா என்று பதறிப் போனேன்.

"இல்ல. உள்ள ஒரு சத்தமும் இல்லீங்க. நான் அழுவறதுதான் எனக்கே கேட்டுக்கினு இருக்குது. இந்தச் சாக்கெல்லாம் எடுத்துப் போட்டுடுங்க."

ஓரம் கட்டினேன். தாரில் ஒட்டிய சாக்கு லேசில் வரவில்லை. மாமியாரும் இறங்கி ஒரு பக்கம் பிடித்து இழுத்தார். டியூபைக் கிழித்தேன், பஞ்சைப் பிடுங்கினேன். கண்ணாடி நான்கையும் இறக்கிவிட்டு ஓட்டினேன்.

அதற்கப்புறம் வீடு வரை அவள் அழுதாளா இல்லையா, எனக்குக் கேட்கவில்லை.