தண்ணீரில் ஊறிய காம்பு

உத்திரமேரூர்
22.7.2002

அன்பு மகன் ஆசிக்குக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நாங்கள் சுகம், அங்கே கனடாவில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ள ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம். உன் தங்கை ஷப்ரீனை ஏழாம் மாதம் என்று அழைத்து வந்துவிட்டோம், காலையில் நாஷ்டா வயிற்றில் தங்கவில்லை, மற்றபடி நன்றாக இருக்கிறாள். மழை இல்லை. ஏரியில் ஆடு மேய்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், நீ அனுப்பிய தைலத்தைத் தீர்ந்துபோய்விடும் என்று தடவாமலே வைத்திருக்கிறாள், இவளை என்ன செய்வது.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஆபீஸ் பிள்ளைகளோடு காட்டில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறீர்கள், விறகு வெட்டக் கைக்கோடாலி வாங்க வேண்டும், இரும்புக் கடைக்காரர் மகன் என்று அந்த வேலையை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். உன் அம்மா கேட்டுவிட்டு, ஒரு தேங்கா உரிக்கச் சொன்னா வெரல நசுக்கிக்கினு வருவான், இவன் போயி மரம் வெட்டப் போறானா என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். எனக்கும் பயம்தான். பக்கத்தில் இருந்தால் கடைக்குக் கூட வந்து நானே பொறுக்கித் தருவேன், இங்கே உட்கார்ந்து காகிதத்தில் என்ன செய்ய முடியும், எழுதுகிறேன், கவனமாகப் படி.

பெரிதாக வாங்காதே. கையை நீட்டிப் பிடித்து இருபது எண்ணும்வரை மணிக்கட்டு தளரக்கூடாது, அந்த எடைதான் உனக்கு. காம்புக்குப் பெயின்ட் அடித்திருந்தால் கீழே வைத்துவிட்டு வா, முடிச்சையும் வெடிப்பையும் மறைக்கத்தான் பெயின்ட். மரத்தின் நார் காம்பின் நீளத்துக்கு நேராக ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் உடையும். வெட்டும்போது விறகை ஒரு கட்டையின் மேல் வைத்து மண்டிபோட்டு வெட்டு, கைக்கோடாலிக்குக் காம்பு குட்டை, நின்றபடி வெட்டினால் குறி தவறியது நேரே முழங்காலுக்கு வரும். முன்னாலும் பின்னாலும் ஆள் நிற்கக் கூடாது, இதை நூறு தடவை சொல்கிறேன் என்று வைத்துக்கொள். மொட்டைக் கோடாலி மரத்தில் பட்டு எகிறும், ஆகையால் கூராக வைத்துக்கொள், வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் போட்டு உறையில் போடு. தீப்பக்கத்தில் வைக்காதே, காம்பு காய்ந்து சுருங்கும். இதெல்லாம் நான் வெட்டிக் கற்றதில்லை தம்பி, முப்பது வருஷமாகக் கோடாலி விற்கிறேன், ஒரு மரம் வெட்டியதில்லை. பாதிக்கு மேல் விறகு வெட்டுகிற காவாந்தண்டலம் முனிரத்தினம் நம் கடையில் நின்று சொன்னது.

இன்னொன்று இருக்கிறது. கடையில் தலை ஆடாமல் இறுக்கமாக இருக்கிறதே என்று நம்பிவிடாதே. வாங்கி மூன்று நாள் வெயிலில் போட்டு அதன்பிறகு ஆட்டிப் பார். ஏன் சொல்கிறேன் என்று உனக்கே தெரியும். நம் கடை தகரக் கொட்டகை, கோடையில் காம்பெல்லாம் சுருங்கித் தலை லொடலொடக்கும், அப்போது வாளித் தண்ணீரில் தலைகீழாக நிறுத்தி வைப்போம். இரவெல்லாம் ஊறினால் மரம் உப்பிப் பிடித்துக்கொள்ளும். துடைத்து எண்ணெய் தடவினால் ஈரம் தெரியாது. என் அத்தா செய்தார், நான் செய்தேன், பள்ளிக்கூடம் விட்டு வந்து நீயும் செய்திருக்கிறாய். அது தப்பு என்று உனக்கு நான் சொல்லவில்லை, எனக்கும் யாரும் சொல்லவில்லை.

முனிரத்தினம் எப்போதும் தலையை மட்டும்தான் வாங்குவான், காம்பை அவனே செதுக்கிப் போட்டுக்கொள்வான். மே மாதம் ஒருநாள் வேலிகாத்தான் முள்மரம் வெட்டும் இடத்தில் அவன் காம்பு பிளந்துவிட்டது, லாரி நிற்கிறது என்று ஓடி வந்தான். வாளியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருந்ததில் ஒன்றைக் கொடுத்தேன். படிக்கல்லில் மூன்று தட்டுத் தட்டிப் பார்த்து, காம்பு காஞ்சதுதான பாய் என்று கேட்டான். நான் தலையை ஆட்டினேன். ஆசிக், வாய் திறந்துகூடச் சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினேன். ஐந்தாம் நாள் வெட்டிக்கொண்டிருக்கும்போது தலை கழன்று பறந்து, பின்னால் சுள்ளி கட்டிக்கொண்டிருந்த அவன் பெண்சாதி அம்முலுவின் கணுக்காலில் விழுந்தது. எலும்பு முறிந்துவிட்டது. கட்டுப் பிரித்தாகிவிட்டது, இன்னும் அந்தக் காலை ஊன்றமாட்டாள்.

அவன் சண்டைக்கு வந்திருந்தால் தேவலை. கோடாலித் தலையையும் காம்பையும் கோணியில் சுற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்து, இனிமே எனக்கு இது வாணாம் பாய், கை நடுங்குது, புடி நிக்கல, பொண்டாட்டி கால நானே ஒடச்சிட்டேன் என்றான். காம்பின் முனை சுருங்கி, தலையின் ஓட்டையில் செருகினால் ஒரு ரூபாய்க் காசு தடிப்புக்கு இடைவெளி விழும், எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. தன் கையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கையில் ஒரு நடுக்கமும் இல்லை. இந்தத் தாலுகாவில் அவனைப்போல வெட்டுகிறவன் கிடையாது, அவன் கோடாலியைத் தொட்டு இரண்டு மாதம் ஆகிறது.

அவனை நம் கடையிலேயே மூட்டை இறக்க வைத்திருக்கிறேன். உன் அம்மா, உன் அத்தாவுக்கு எவ்வளவு இரக்கம் என்று ஊரெல்லாம் சொல்கிறாள். அவனும் சாயந்தரம் போகும்போது, ஒன் புண்ணியத்துல கஞ்சி குடிக்கிறோம் பாய், நீ நல்லா இருக்கணும் என்று சொல்லிவிட்டுப் போகிறான். எனக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் கடை திறக்கும்போது இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறக்கிறேன். உன் கையில் குற்றமில்லை முனிரத்தினம், என் வாளியில்தான் குற்றம், அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அவன் முகத்தைப் பார்த்ததும் மூட்டைக் கணக்கைக் கேட்டுவிடுகிறேன். சொன்னால் அவன் மறுபடி கோடாலி பிடிப்பான். அதன்பின் நான் கொடுக்கும் எதையும் நம்பி வாங்குவானா, ஊர் வாங்குமா, அந்தப் பயமும் இருக்கிறது, உன்னிடம் மறைத்து என்ன. நீ படித்த பிள்ளை, என்ன செய்ய என்று கேட்கலாம் என்றால், போனில் அம்மா பக்கத்தில் இருக்கும்போது பேச முடியாது, கடிதத்தில் உன் பதில் வர ஒரு மாதம் ஆகும். வாளியைக் கவிழ்த்துவிட்டேன், அது ஒன்றுதான் என்னால் ஆனது.

இந்த ஏரோகிராம் தாளில் இடம் இல்லை, அம்மாவுக்கு விட்ட மூலையையும் நானே நிரப்பிவிட்டேன், திட்டப்போகிறாள். வெள்ளிக்கிழமை போன் செய். காட்டில் தலை கொஞ்சம் ஆடினாலும் தண்ணீரில் போடாதே, வெட்டுவதை நிறுத்திவிடு. அல்லாஹ் உன் கைகாலையும் உன் பக்கத்தில் நிற்கிறவர்கள் கைகாலையும் காப்பாற்றட்டும்.

முனிரத்தினம் தபாலாபீசுக்குப் போகக் காத்து நிற்கிறான், இதை ஒட்டி அவன் கையில்தான் கொடுக்க வேண்டும். இன்னா பாய், தம்பிக்கா எய்திக்கினு கீறீங்க என்று கேட்டான். கோடாலி வாங்கப் போகிறான் என்றேன். அப்படின்னா நான் சொன்னேன்னு ஒரு வரி எய்துங்க பாய், கடைய நம்பலாம், கைய நம்பாதன்னு எய்துங்க என்றான். எழுதிவிட்டேன்.

உன் நலமே கேட்கும்
அத்தா,
கிதர் முகம்மது